நான்காம் நிலை என்று டாக்டர் சொன்ன பிறகு



நோய் வராமல் காத்துக் கொள்வதைப் பற்றி இந்த நிகழ்ச்சியில் நாம் பல முறை பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது வேறு. நோய் வந்துவிட்டது, அதுவும் முற்றிய பிறகுதான் தெரிய வந்தது, அது வந்திருப்பது கட்டிய மனைவிக்கு அல்லது கணவருக்கு. அந்த வீட்டில் மறுநாள் பொழுது விடிந்ததும் என்ன செய்வது? இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

நமக்கு நெருங்கிப் பழக்கமான ஒரு தம்பதியரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயர் வேண்டாம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். மனைவி சிறு வயதில் தாயோடு பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும், பசியாற நேரம் இருக்காது. வாயில் ஒரு வெற்றிலைச் சுருளை அடக்கிக் கொண்டால் பசியும் குளிரும் தெரியாது என்று தாய் போட்டதைப் பார்த்து மகளும் போடத் தொடங்கினார். பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். வேலை மாறியது, வெற்றிலை மாறவில்லை. ஐம்பத்தோரு வயதில் இடது கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்று நினைத்தார். அந்தப் புண் ஆறவேயில்லை.

ஆறு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து, படமும் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாஹாப் அம்பாட்" என்றார் டாக்டர். நான்காம் நிலை. கணவர் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் மனைவியை உட்கார வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனவர், தேநீர் வாங்காமலே திரும்பி வந்தாராம். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டார், "நாலாவது ஸ்டேஜா? இனி என்ன இருக்கிறது? கேட்டதைச் செய்து கொடுத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்னது தவறு. அந்தத் தவறினால் மூன்று வாரம் வீணாயிற்று.

நேயர்களே, நான்காம் நிலை என்றால் நான்கு மாதம் என்று அர்த்தமல்ல. முடிந்துவிட்டது என்றும் அர்த்தமல்ல. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் நிலையைக் கணக்கிடும் முறை வேறு வேறு. வாய்ப் புற்றில் கட்டியின் அளவும் ஆழமும் எவ்வளவு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து நிலையைச் சொல்கிறார்கள். நான்காம் நிலைக்குள்ளேயே ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள் உண்டு. கட்டி தாடை எலும்பைத் துளைத்திருக்கலாம், கன்னத்துத் தோல்வரை வந்திருக்கலாம், அல்லது கழுத்தில் பல நெறிகள் கட்டியிருக்கலாம். நோய் அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை என்றால் அது பெரும்பாலும் நான்கு ஏ. அந்த நிலையில் டாக்டர்கள் பலருக்கும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் கத்தியை எடுக்கிறார்கள். நான்கு பி என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இயலாது, ஆயினும் கதிர் சிகிச்சையும் மருந்தும் உண்டு. தூரத்து உறுப்புகளுக்குப் பரவிவிட்டது என்றால்தான் நான்கு சி.

ஆகவே டாக்டர் ஒரு எண்ணைச் சொன்னதும் எழுந்து வந்துவிடக் கூடாது. "பரவியிருக்கிறதா, பரவியிருந்தால் எங்கே? குணப்படுத்தப் பார்க்கிறீர்களா, கட்டுப்படுத்தப் பார்க்கிறீர்களா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டாம். மலாய் மொழியோ ஆங்கிலமோ புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவரைக் கூப்பிட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் கூட அழைத்துப் போங்கள். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதி போட்டு டாக்டர் சொன்னதை எழுதி வையுங்கள். மனம் கலங்கியிருக்கும்போது காதில் விழுந்ததில் பாதி வீடு வந்து சேர்வதில்லை.

நாம் சொன்ன அந்தக் கணவர் மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடியும் போய் இந்தக் கேள்விகளைக் கேட்டார். தோட்டத்துக் கிளினிக்கில் முன்பு டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வற்புறுத்தி அனுப்பியதால் போனார். பதில் என்ன தெரியுமா? நான்கு ஏ. அறுவை சிகிச்சை செய்யலாம்.

அந்த மூன்று வாரமும் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் ஒருவர் குறி பார்த்தார், செய்வினை என்றார். இன்னொருவர் பொடி ஒன்று கொண்டு வந்தார், டப்பா முந்நூறு வெள்ளி, குறைந்தது நான்கு டப்பா சாப்பிட வேண்டும் என்றார். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அப்படி எழுதியிருக்கும் தாளை யார் கொண்டு வந்து காட்டினாலும் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்து கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகட்டும், விளக்குப் போடட்டும், அதையெல்லாம் நாம் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மற்றதைச் செய்யட்டும்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்றொரு பேச்சு நம்மிடையே நெடுங்காலமாக இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது நமக்குப் புரிகிறது. அந்தக் காலத்தில் மிகவும் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அறுத்தும் பிழைக்கவில்லை. பார்த்தவர்கள் பழியைக் கத்தியின் மேல் போட்டார்கள். வாய்ப் புண்ணில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தச் சோதனை இல்லாமல் எந்தச் சிகிச்சையையும் தொடங்க முடியாது.

இன்னொரு சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கணவர் மனைவியிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "சாதாரணக் கட்டிதான், எடுத்துவிடுவார்கள்" என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகளும் அப்படியே நடித்தார்கள். டாக்டரிடமும், "என் சம்சாரத்துக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டாள்" என்று கேட்டுக் கொண்டார். நம்மில் அநேகர் இதைச் செய்கிறோம். ஆனால் அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த அம்மாதான். தாடையில் ஒரு பகுதியை எடுக்கப் போகிறார்கள், முகம் மாறும், பேச்சு குழறும். இதையெல்லாம் சொல்லாமல் எப்படிக் கையெழுத்து வாங்குவது?

கடைசியில் ஒரு நாள் இரவு அடுக்களையில் உட்கார்ந்து சொன்னார். அந்த அம்மா கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "எனக்கு முதல் நாளே தெரியுங்க. நீங்க தேத்தண்ணி வாங்கப் போயிட்டு வெறுங்கையோட வந்தீங்களே, அப்பவே தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சுத்தான் நான் சும்மா இருந்தேன்" என்றாராம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக் கொண்டு மூன்று வாரம் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு அழுதாலும் சேர்ந்து அழுதார்கள். மறுநாளே அந்த அம்மா, சின்ன மகளின் பள்ளிக்கூடச் செலவு, கூட்டுப் பணம், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னார்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்பதை இனிப் பார்ப்போம். வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் முதல் சிகிச்சை அறுவைதான். கட்டியோடு சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். கழுத்து நெறிகளையும் எடுப்பார்கள். எடுத்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதில்லை. முழங்கையின் கீழிருந்து தோலும் சதையும், அல்லது காலில் இருந்து ஓர் எலும்புத் துண்டு எடுத்து, ரத்தக் குழாயோடு சேர்த்துத் தைத்துத் தாடையை ஒட்டுப் போடும் முறை உண்டு. பல மணி நேரம் நடக்கும் அறுவை அது. வெளியே காத்திருப்பவர்கள் மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டு போவது நல்லது.

நோய் முற்றியிருந்ததால் அறுவைக்குப் பிறகு கதிர் சிகிச்சையும் தருவார்கள். சிலருக்குக் கூடவே சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள். கதிர் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள், ஏறத்தாழ ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான், வலி தெரியாது. ஆனால் இரண்டு மூன்று வாரம் ஆனதும் வாய் வெந்துவிடும். எச்சில் வற்றும், உப்புப் புளிப்பு தெரியாது, விழுங்க முடியாது. இந்த இடத்தில்தான் பலர் பயந்து போய் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இடையில் விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் நோய்க்கு வளர நேரம் கிடைக்கிறது. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுவதும் அதனால்தான். தீபாவளி முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டாம்.

கதிர் சிகிச்சைக்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள். சொத்தைப் பற்களை முன்கூட்டியே பிடுங்கிவிடுவார்கள். கட்டி கன்னத்தில் இருக்க நல்ல பல்லைப் போல் இருப்பதை ஏன் பிடுங்குகிறார்கள் என்று கோபித்துக் கொள்ள வேண்டாம். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல் பிடுங்கினால் அந்தப் புண் ஆறாமல் எலும்பே அழுகிப் போகலாம்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம், ஏனென்றால் இங்கேதான் கணவர்மார்களின் கை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் சமைத்துப் போட்டவர் படுத்துவிட்டார். அந்த லோரிக்காரருக்கு முட்டை பொரிக்க மட்டும்தான் தெரியும். அவர் கஞ்சி காய்ச்சக் கற்றுக் கொண்டார். பச்சரிசிக் கஞ்சியில் அவித்த மீனையோ கோழியையோ பருப்பையோ போட்டு, மிளகாய் இல்லாமல், பிளெண்டரில் அரைத்து, ஆற வைத்துக் கொடுத்தார். ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். விழுங்கவே முடியாத சில வாரங்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். அதில் பால் ஊற்றுவது எப்படி என்று மிஸ்ஸி அவருக்குக் கற்றுக் கொடுத்தார். குழாய் வைத்துவிட்டால் ஆள் அவ்வளவுதான் என்று சிலர் சொன்னார்கள். அது சிகிச்சை முடியும்வரை உடம்பு இளைத்துப் போகாமல் தாங்கிப் பிடிக்கிற கம்பு, அவ்வளவுதான். ஆறியதும் எடுத்துவிட்டார்கள்.

வாய் திறப்பது சுருங்கிப் போகும். அதற்கு ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்துப் பழகச் சொல்வார்கள். நாளாக நாளாக ஒரு குச்சி கூடும். அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் வாரக்கணக்கில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் பாட்டிக்குக் குச்சி சேர்த்துக் கொடுத்தார்கள்.

இனிச் செலவைப் பற்றி. புற்றுநோய் என்றதும் வீட்டை விற்க வேண்டும், நகையை அடகு வைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்ற அளவில்தான் இருந்து வருகிறது. கதிர் சிகிச்சை எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இல்லை. கோலாலம்பூர் மருத்துவமனை, ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, 2013-இல் புத்ராஜெயாவில் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகம், பல்கலைக்கழக மருத்துவமனைகள் ஆகியவற்றில் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரியிலேயே கடிதம் எழுதி அங்கே அனுப்புவார்கள்.

உண்மையில் நம்மை அழுத்துவது சிகிச்சைக் கட்டணத்தைவிடப் பயணச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களும்தான். அதற்கு வழி உண்டா? உண்டு, ஆனால் நாம்தான் கேட்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகநல அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். முதலில் போய் அவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனுப் போட அவர் வழி காட்டுவார். தங்க இடம் இல்லை என்றாலும் அவரிடமே சொல்லலாம். 1994-இல் தொடங்கிய மாக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றம் ஏழை நோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது. 2019-இல் அரசாங்கம் கொண்டு வந்த பேக்கா பி40 திட்டத்தில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானக் குடும்பத்தினர் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளி வரை ஊக்கத் தொகை கிடைக்கும். போக்குவரத்துக்கும் தனியாக உதவி உண்டு. நோயாளி சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளியாக இருந்து, இனி வேலை செய்ய முடியாது என்ற நிலை வந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். கணவரின் ஊழியர் சேமநிதியிலிருந்தும், மனைவியின் கடுமையான நோய்க்கான மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க இடமிருக்கிறது. எல்லாவற்றுக்கும் டாக்டரின் கடிதம் வேண்டும், ரசீது வேண்டும். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாத் தாள்களையும் போட்டு வையுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ கேளுங்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்கள், கட்டணத்தைக் கேட்டுப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாமல், முதல் நாளே சமூகநல அதிகாரியிடம் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாருக்கும் நான்கு ஏ என்ற பதில் கிடைப்பதில்லை. அதையும் மறைக்காமல் பேச வேண்டும். நுரையீரலுக்குப் போய்விட்டது, குணப்படுத்த முடியாது என்று டாக்டர் சொல்லலாம். அப்போதும் மருந்து வழியாகக் கட்டியைச் சுருக்கப் பார்க்கலாம். உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புதிய மருந்துகள் கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கின்றன. விலை அதிகம், எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனால் நம் நோயாளிக்குப் பொருந்துமா என்று கேட்பது நம் உரிமை. வேறொரு நிபுணரின் அபிப்பிராயம் கேட்க விரும்பினால், டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டியதில்லை, அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.

"இனி செய்ய ஒன்றுமில்லை" என்ற சொல்லை மட்டும் நாம் ஏற்பதில்லை. வலியைத் தணிக்கும் வைத்தியம் என்று தனியாகவே ஒரு துறை இருக்கிறது. மோர்ஃபின் என்ற மருந்தைக் கண்டு நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். அது சாகப் போகிறவர்களுக்குக் கொடுப்பது, பழக்கமாகிவிடும் என்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் குடித்தால் வலி அடங்கி, மனிதர் எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு பேச முடியும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991-இல் தொடங்கிய ஹொஸ்பிஸ் மலேசியா வீடு தேடி வந்து கட்டணமில்லாமல் இந்தச் சேவையைச் செய்து வருகிறது. மற்ற மாநிலங்களிலும் இப்படிப்பட்ட அமைப்புகள் உண்டு. கடைசி வாரம்வரை காத்திராமல் முன்கூட்டியே இவர்களைக் கூப்பிட வேண்டும்.

நோயாளியைப் பார்த்துக் கொள்கிறவரும் மனிதர்தான். அந்த லோரிக்காரர் எட்டு கிலோ இளைத்துப் போனார். பகலில் ஆஸ்பத்திரி, இரவில் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தியாள் வந்து அக்காளைப் பார்த்துக் கொண்டு, "மாமா, நீங்க போய்ப் படுங்க" என்று அவரைத் துரத்திவிட்ட பிறகுதான் ஆள் தேறினார். பார்க்க வருகிற உறவினர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வருவதைவிட இப்படி ஒரு நாள் முறை வைத்துக் கொண்டால் எவ்வளவோ உதவியாக இருக்கும். வாய் வெந்தவருக்கு ஆரஞ்சு ஆகாது என்பது வேறு விஷயம்.

அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். சிகிச்சை முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். ஆகவே ஒரு பெரிய கண்டத்தைத் தாண்டியிருக்கிறார், ஆனால் இன்னும் தவறாமல் சோதனைக்குப் போகிறார். முகம் ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது. சில எழுத்துகள் வாயில் வருவதில்லை. முறுக்குச் சாப்பிட முடியாது, இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்துச் சாப்பிடுகிறார். வெற்றிலைப் பெட்டியை வீட்டில் வைப்பதில்லை.

பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. புகையிலை சேர்க்காவிட்டால் வெற்றிலை பாக்கு ஒன்றும் செய்யாது என்று பலர் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைச் சுருளும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்தது. நம் நாட்டில் வாய்ப் புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே, அதிலும் நம் பெண்களிடையே அதிகம் காணப்படுகிறது. சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் 1997 முதல் தோட்டங்களுக்கே வந்து வாயைப் பரிசோதிக்கும் திட்டம் நடந்து வருவதும் இதனால்தான். அவர்கள் வருகிற நாளில் தாய்மார்கள் வேலையைச் சாக்குச் சொல்லி ஒளிந்து கொள்வதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

நாளைக் காலை வெளிச்சத்தில் வீட்டில் வெற்றிலை போடுகிற ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், முன்போல் வாய் திறக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் பக்கத்திலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அந்த வாரமே அழைத்துப் போங்கள்.